சுரைக்காய் ஆகாத வீடு

ஐப்பசி, கடைசி வாரம்: என் மனைவி காலமானார். வலைப்பூவில் புதிய பக்கம் எதுவும் ஏற்றப்படவில்லை.

மார்கழி, முதல் திங்கள்: பணி மீண்டும் தொடங்கியது.

தை, இரண்டாம் வெள்ளி: கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அழைத்தார். மகளின் திருமணம் பங்குனியில். குலதெய்வம் எதுவென்று குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்துத் தருமாறு கேட்டார். கட்டணத்தை அன்றே செலுத்தினார்.

தை, கடைசி ஞாயிறு: பரளச்சிக்குக் கிழக்கே புளியமரத்தடிக் கருப்பசாமி கோயிலுக்குச் சென்றேன். அவர் தந்த குறிப்புகள் யாவும் பொருந்தின.

மாசி, முதல் செவ்வாய்: கோயிலுக்கான பக்கம் எழுதி முடிக்கப்பட்டது. வெளியிடப்படவில்லை.

மாசி, முதல் வியாழன்: கோயம்புத்தூருக்கு என் மறுப்பைத் தெரிவித்தேன்.

சிவராத்திரிக்கு மறுநாள்: பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் அந்தக் கோயிலுக்கே வந்தனர். நானும் சென்றேன்.

நடந்தவற்றின் வரிசை இவ்வளவுதான். இதைப் படிப்பவர்களுக்கு அச்சம் எந்த இடத்தில் இருந்தது என்பது தெரியாது. சிறிய வலைப்பூ ஒன்றை வைத்து வருமானம் தேட முன்வந்திருக்கும் உங்களிடம் நான் பேச விரும்புவது அந்த அச்சத்தைப் பற்றித்தான். பக்கத்தை எப்படி அமைப்பது, விளம்பரத்தை எங்கே வைப்பது என்பவற்றையெல்லாம் என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நான் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். அதன்பின் நானும் என் மனைவியும் திருச்சுழி, நரிக்குடி, பரளச்சி வட்டாரத்துக் குலதெய்வக் கோயில்களுக்காக ஒரு வலைப்பூ தொடங்கினோம். எந்தக் கோயில் எந்தக் கண்மாய்க்கரையில் இருக்கிறது, எந்தப் பேருந்தில் ஏறி எங்கே இறங்க வேண்டும், எந்த ஊர்களில் அதன் பங்காளிகள் இருக்கிறார்கள் என்பவற்றை எழுதினோம். மழை பொய்த்த காலங்களில் இந்தக் கரிசல் காட்டை விட்டு மில் வேலைக்கும் கடை வேலைக்கும் போனவர்களின் பிள்ளைகள்தாம் எங்கள் வாசகர்கள். சாமியின் பெயர் அவர்கள் நினைவில் இருக்கும். இடம் இருக்காது.

விளம்பரங்களால் வந்த வருமானம் சொற்பம். குலதெய்வத்தைத் தேடித் தரும் சேவைக்கு நாங்கள் பெற்ற கட்டணமே வலைப்பூவை நடத்தியது. அதுவும் மாசிச் சிவராத்திரியை ஒட்டிய வாரங்களில்தான் வரும். அந்த வாரங்கள் தவறினால் ஆண்டு முழுவதும் தவறியதுதான். பக்கங்களை அமைக்கும் முத்துலட்சுமிக்கு அதிலிருந்தே சம்பளம். நரிக்குடியிலிருந்து பேருந்தில் வந்து போகிறவர். இரண்டு பிள்ளைகளின் படிப்பு அவரது சம்பளத்தில் நடக்கிறது. எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்துவிட முடியாதபடிக்கு அவர் தினமும் என் எதிரே அமர்ந்து வேலை செய்தார்.

தொடங்கிய காலத்தில் மதுரையில் சமையல் குறிப்புகள் எழுதிச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் யோசனை கேட்கப் போயிருந்தேன். என்னைவிட வயதில் மிகவும் இளையவர். அவர் சொன்னது இது: “அவசரத்துல வாரவுகதான் சார் நமக்குக் காசு தாரவுக. ஆனா அவுக அவசரம் அவுகளோடயே இருக்கணும். நம்ம எழுத்துக்குள்ள அது வந்துருச்சுன்னா, அன்னைக்கே கடையச் சாத்திரலாம்.” அப்போது இதைச் சாதாரண எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டேன். இந்தத் தை மாதத்தில்தான் அதன் எடை தெரிந்தது.

கோயம்புத்தூர்க்காரரின் அவசரம் நியாயமானது. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். அண்ணன் தம்பி முறையில் வருகிறவர்கள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. ஆகவே மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரின் குலதெய்வம் எதுவென்று கேட்டிருந்தார்கள். தெரியாது என்ற பதிலை அவர்களால் ஏற்க முடியவில்லை. முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் முன் வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுக்க முடியும் என்ற வழக்கமும் இருந்தது. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. கொடுக்க முடியாமல் கட்டோடு கிடக்கிறது என்றார். ஒரு பெயர் கிடைத்தால் திருமணம் நடக்கும். கிடைக்காவிட்டால் நடக்குமா என்பது அவருக்குத் தெரியவில்லை. அவருடைய தந்தை மில் வேலைக்காகக் கோயம்புத்தூர் போனவர், இப்போது உயிரோடு இல்லை. “பரளச்சிப் பக்கம், கருப்பசாமி, புளியமரம்” என்ற மூன்று சொற்களை மட்டும் மகனிடம் விட்டுச் சென்றிருந்தார்.

மூன்றும் பொருந்திய கோயில் எனக்குக் கிடைத்தது. அங்கிருந்த முதியவர் ஒருவர், மேற்கே மில்லுக்குப் போன ஒரு குடும்பத்தைப் பற்றித் தன் தகப்பனார் பேசக் கேட்டிருப்பதாகச் சொன்னார். நான் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். சான்று தேடுகிறவன் சான்று கிடைத்ததும் அமைதியடைய வேண்டும். நானோ அங்கே நின்றபடியே பக்கத்தின் முதல் வரியை யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோயில் கமிட்டியின் பொருளாளர் உரக்கடை வைத்திருப்பவர். கோயிலுக்கு மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பங்காளிகள் தரும் வரி போதவில்லை. விடைபெறும்போது என் வண்டி வரை வந்தார்.

“இப்பிடி இன்னும் நாலு குடும்பத்தச் சேத்துவிடுங்க வாத்தியாரய்யா. வார வரியில உங்க இன்டர்நெட்டுக்குன்னு ஒரு பங்கு எடுத்து வச்சிருதோம். சாமி காரியந்தானே, நமக்குள்ள என்ன இருக்கு?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது மறுப்பு ஆகாது என்பதை வண்டியில் வரும்போது உணர்ந்தேன். அதற்கடுத்த சில நாட்கள் நான் வாசகர் எண்ணிக்கையைக் காட்டும் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நாங்கள் பணியை நிறுத்திவைத்திருந்த மாதங்களில் எண்ணிக்கை சரிந்திருந்தது. சிவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர்க்காரர் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் அழைத்தார்.

பக்கத்தை எழுதினேன். சிவராத்திரிக்கு மறுநாள் நடக்கும் படையலைப் பற்றிப் பொருளாளர் பெருமையோடு சொல்லியிருந்ததையும் அதில் சேர்த்தேன். ஒவ்வொரு பங்காளி வீட்டிலிருந்தும் ஒரு சுரைக்காய் வரும். கிடாக்கறியும் சுரைக்காயும் ஒரே பானையில் வேகும். சாமிக்குப் படைத்த பிறகு, அந்தக் குழம்பை ஒரு கையாவது வாங்காதவர் பங்காளி ஆக மாட்டார். வாசகர்கள் விரும்பிப் படிக்கும் செய்தி என்பதால் அதைப் பக்கத்தின் தொடக்கத்திலேயே வைத்தேன்.

முத்துலட்சுமி படங்களைச் சேர்த்து முடித்துவிட்டு வெளியிடாமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். ஆனா அம்மா கேக்குற கேள்விய நீங்க இன்னும் கேக்கல.”

அவர் எதைக் குறிப்பிட்டார் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு குடும்பத்திலும் நான் ஆண்களிடம் வம்சாவளி கேட்டுக்கொண்டிருக்க, என் மனைவி அடுக்களைக்குப் போய்விடுவாள். தொலைபேசியானால் வீட்டுப் பெண்களைக் கூப்பிடச் சொல்வாள். வேறு என்ன பேசினாலும் ஒரு கேள்வியைக் கேட்காமல் வைக்க மாட்டாள்: “உங்க வீட்டுல எத ஆக்க மாட்டீக?” சில வம்சங்களுக்குச் சில பொருள்கள் ஆகாது. ஒரு வீட்டில் கொத்தவரை வாங்குவதில்லை, இன்னொரு வீட்டில் கருப்புச் சேலை எடுப்பதில்லை. காரணம் மறந்து போயிருக்கும். விலக்கு மட்டும் நிற்கும். நாங்கள் தடுமாறி நின்ற பல இடங்களில் அவளுடைய கேள்வியே வழியைக் காட்டியிருக்கிறது. அதன் மதிப்பை நான் அறியாதவன் அல்லன். ஆனால் மார்கழியில் பணியை மீண்டும் தொடங்கியதிலிருந்து அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. அது அவளுடைய கேள்வி. காரணத்தை இதற்கு மேல் விளக்குவது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

கோயம்புத்தூருக்கு அழைத்தேன். வீட்டுப் பெண்களிடம் பேச வேண்டும் என்றேன். “எங்கிட்டயே சொல்லுங்க சார்” என்றார் அவர். வற்புறுத்திய பிறகே மணப்பெண்ணின் தாய் பேச வந்தார். அருப்புக்கோட்டையில் பிறந்து கோயம்புத்தூருக்கு வாழ்க்கைப்பட்டவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. கேள்வியைக் கேட்டேன். என் குரலில் அது வேறு யாரோ கேட்பதுபோல இருந்தது.

“சுரைக்கா ஆகாதுய்யா” என்றார் அவர், யோசிக்கவே இல்லை. “நான் வாக்கப்பட்டு வந்த மறுநாளே எங்க மாமனார் சொல்லிப்புட்டாக. வேலியில தானா மொளச்சாலும் புடுங்கிப் போட்டுறணும், இந்த வீட்டு அடுப்புல மட்டும் ஏறக் கூடாதுன்னு. எங்க அம்மா வீட்டுல நல்லாத் திம்போம். இங்க வந்து நாக்கே மறந்து போச்சு.”

நன்றி சொல்லி வைத்தேன்.

உங்களிடம் நான் பேச வந்தது அதற்குப் பிறகான இரண்டு நாட்களைப் பற்றி. ஒரு பக்கத்தில் ஊர், சாமி, மரம், முதியவரின் நினைவு. மறுபக்கத்தில் ஒரு காய். சேவைக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டாயிற்று. திருமணம் காத்திருக்கிறது. கோயில் அவர்களை வரவேற்கத் தயாராக இருக்கிறது. நான் ‘ஆம்’ என்றால் எல்லோரும் மகிழ்வார்கள், என் வலைப்பூ உட்பட. அது பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. இத்தகைய ‘ஆம்’தான் நம் தொழிலில் மிகவும் ஆபத்தானது. தவறு என்று நிரூபிக்க முடியாததைத் தவறு அல்ல என்று நம்பிவிடத் தோன்றும்.

சான்றுகளை எடைபோட மாணவர்களுக்குக் கற்றுத் தந்தவன் என்ற முறையில் யோசித்தேன். கருப்பசாமியும் புளியமரமும் இந்த வட்டாரத்தில் எத்தனையோ இடங்களில் உண்டு. முதியவரின் நினைவு, நான் கேட்ட பிறகு எழுந்த நினைவு. ஆனால் அந்த மாமனார் சுரைக்காய் விலக்கை யாருக்காகவும் சொல்லவில்லை. அதனால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. பெயரை எந்த ஊரிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு விலக்கைச் சும்மா எடுத்துச் சுமப்பவர் இல்லை. சுரைக்காயைப் படைப்பவர்களும் அதை அடுப்பேற்றாதவர்களும் ஒரே சாமியின் பிள்ளைகளாக இருக்க முடியாது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேனே தவிர நிம்மதி வரவில்லை. அந்த இரண்டு நாளும் கைபேசி மணி அடித்தபோதெல்லாம் அதைக் கவிழ்த்து வைத்தேன்.

வியாழனன்று கோயம்புத்தூர்க்காரரிடம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

“ஒரு சுரைக்காய்க்காகவா சார் எம் பொண்ணு கல்யாணத்த நிறுத்தச் சொல்றீங்க?”

“கல்யாணத்தை நிறுத்தச் சொல்லலை. இந்தக் கோயில் உங்களுடையதுன்னு எழுதித் தர எனக்கு மனசு ஒப்பலை.”

“அப்ப எது எங்க கோயில்?”

“தெரியலை.”

அந்தச் சொல்லைச் சொல்லத்தான் கட்டணம் வாங்கினீர்களா என்று கேட்டார். கட்டணத்தைத் திருப்பி அனுப்பினேன். பொருளாளரும் அழைத்தார். “படிச்சவுக சாமிக்கே பரீட்ச வச்சுப் பாஸு ஃபெயிலு போடுறீக. நல்லா இருங்க” என்றார். முத்துலட்சுமி அந்தப் பக்கத்தை எடுத்து ஒதுக்கி வைத்தார். அந்த மாதச் சம்பளத்தை ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன் என்றேன். “பென்சன்ல குடுத்தா அது சம்பளம் இல்ல சார், தானம்” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

சிவராத்திரிக்கு முந்தின நாள், கோயம்புத்தூர்க்காரரின் மனைவி என்னைத் தனியாக அழைத்தார். பொருளாளர் அவருடைய கணவரிடம் நேரடியாகப் பேசிவிட்டதாகவும், படையலன்று மாப்பிள்ளை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு அங்கேயே பத்திரிகை வைக்கப் போவதாகவும் சொன்னார். “நீங்களும் வந்து நில்லுங்கய்யா. எனக்குப் படபடன்னு வருது” என்றார். போவதா வேண்டாமா என்று ஒரு பகல் முழுவதும் குழம்பினேன். நம் சொல்லை மறுத்துவிட்ட வாசகரின் வீட்டு விசேஷத்தில் நாம் போய் நிற்பது முறையா? போகாமல் இருந்தால் அது முறையா, கோழைத்தனமா? போனேன்.

கொத்தமல்லி அறுத்து முடிந்த காட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். கூட்டம் நிறைய இருந்தது. பெண் வீட்டாரின் வேன் வந்து நின்றதும் பொருளாளர் என்னைப் பார்த்தார், வணக்கம் சொன்னார், சிரித்தார். கோயம்புத்தூர்க்காரர் என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் திருச்சுழிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்துபவர். வந்ததும் பந்தலை, பானையை, சனத்தை எல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டு முன்னால் நின்றார்.

பூசாரி வயதானவர். தட்டை வாங்கக் கையை நீட்டினார். வெற்றிலை, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் இருந்த தட்டைப் பெண்ணின் தாய் பிடித்திருந்தார். அவர் கொடுக்கவில்லை. கணவர் மெதுவாக, “குடு” என்றார்.

“சாமி, ஒண்ணு கேட்டுக்கிறேன்” என்றார் அவர் பூசாரியிடம். “எங்க வீட்டு அடுப்புல சுரைக்கா ஏறாது. எங்க மாமனார் அத மோந்துகூடப் பாக்க மாட்டாக. அந்தப் பானைக்கு முன்னாடி நான் இத எப்பிடி வைக்க?”

பொருளாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பூசாரி கையமர்த்தினார். நீட்டியிருந்த கைகளை மடக்கிக்கொண்டார்.

“ஆகாதுன்னா நீங்க எங்க ஆளுக இல்ல தாயி. அதுல சங்கடம் ஒண்ணுமில்ல. எங்கயோ உங்களுக்குன்னு ஒருத்தன் காத்துக் கெடக்கான். சாப்பிட்டுப் போங்கன்னும் சொல்ல முடியல, எல்லாத்துலயும் சுரைக்காதேன். பழம் தாரேன், வாங்கிக்கங்க.”

யாரோ சிரித்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி மாப்பிள்ளையின் தாய் பேச வேண்டும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்கதானே அந்த நெட்டுல எழுதுற வாத்தியாரு? சுரைக்கா ஆகாதவுக ஒரு வம்சம்னா, அத ஆக்கித் திங்கிறவுக வேற வம்சந்தானே?”

கேள்வி எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்தது. உடனே ‘ஆமாம்’ என்று சொல்லிவிட ஆசை எழுந்தது. அந்த ஆசையைத்தான் பல நாட்களாக எனக்குள் எதிர்த்துக்கொண்டிருந்தேன். நாளடைவில் விலக்கை மறந்துவிட்ட வீடுகளும் உண்டு. ஆகவே, “உங்க வீட்டில் எப்போதிலிருந்து ஆக்குறீங்க?” என்று கேட்டேன்.

“எப்பருந்தா? எங்க மாமியா கல்யாணப் பந்தியில சுரைக்கா கூட்டுல உப்பு இல்லன்னு சண்ட வந்து, ஒரு வண்டி சனம் சாப்பிடாமப் போயிருச்சாம். இன்னமும் அதச் சொல்லித்தான் எங்க வீட்டுக்காரர் என்னய வைவாரு. வாரத்துக்கு ரெண்டு நாளு எங்க வீட்டுல சுரைக்காதேன்.”

“அப்படின்னா நீங்க ரெண்டு வீட்டாரும் பங்காளிகளா இருக்க வழியில்லை. எனக்குத் தெரிஞ்சவரை” என்றேன்.

“அவ்வளவுதான எனக்கு வேணும்” என்றவர், சம்பந்தியம்மாளைப் பார்த்தார். “தட்ட இப்பிடிக் குடுங்க மதினி, கை வலிக்கப் போகுது. உங்க சாமி கெடைக்கிறப்பக் கெடைக்கட்டும். ஆனா ஒண்ணு, உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வந்து சுரைக்கா ஆக்கப் பழகிக்கிரணும்.”

திருமணம் பங்குனியில் நடந்தது. ஒரு பத்திரிகையையும் ஒரு காசையும் மஞ்சள் துணியில் முடிந்து பூசையறையில் வைத்துவிட்டு மற்ற பத்திரிகைகளைக் கொடுத்தார்கள். கோயில் தெரிந்ததும் பிரித்து அங்கே கொண்டுபோய் வைப்பதாக வேண்டுதல். கோயம்புத்தூர்க்காரர் என்னை அழைத்துத் திருமணத்துக்கு வரச் சொன்னார். கட்டணத்தை மறுபடி அனுப்பியிருந்தார். தேடல் முடியவில்லை என்பதால் அதை நான் ஏற்றுக்கொண்டேன்.

வருமானத்தைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். அந்தப் பருவத்தில் குறைவுதான். பிறகு முத்துலட்சுமி வலைப்பூவின் முகப்பில் அந்தக் கேள்வியைப் பெரிய எழுத்தில் போட்டார்: உங்கள் வீட்டில் எதைச் சமைக்க மாட்டார்கள்? பதில்கள் வரத் தொடங்கின. பூசணி, பீர்க்கு, சேவல், எள். இப்போது பெண்கள் அதிகம் எழுதுகிறார்கள். அந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களால் முத்துலட்சுமியின் சம்பளம் மீண்டும் வலைப்பூவிலிருந்தே போகிறது. முந்தைய ஆண்டின் அளவை இன்னும் எட்டவில்லை. எட்டும் என்று உங்களுக்கு நான் உறுதி கூற மாட்டேன். ‘தெரியவில்லை’ என்று சொல்வதற்கு விலை உண்டு. அந்த விலையைத் தாங்கும் அளவுக்குச் செலவைக் குறைத்துக்கொண்டு தொழிலைத் தொடங்குங்கள் என்பதைத் தவிர வேறு யோசனை என்னிடம் இல்லை.

முடிக்காமல் இருக்கும் வேலைகள்:

சுரைக்காய் விலக்கு உள்ள கருப்பசாமி கோயிலைத் தேடுவது. நரிக்குடிக்குத் தெற்கிலும் வீரசோழன் பேருந்துச் சாலையை ஒட்டியும் பார்க்க வேண்டிய இடங்கள் உள்ளன. மஞ்சள் துணி முடிச்சு காத்திருக்கிறது.

பரளச்சிக் கோயிலின் பக்கத்தைத் திருத்தி வெளியிடுவது. அந்தச் சாமிக்கும் பங்காளிகள் எங்கோ இருக்கிறார்கள்.

வலைப்பூவின் முகப்பில் இருக்கும் கேள்விக்குக் கீழே, அதைக் கேட்டவரின் பெயரைச் சேர்ப்பது.

என் மனைவி பிறந்த வீட்டில் எது ஆகாது என்று கேட்டறிவது. எல்லா வீட்டிலும் கேட்டவளிடம் அதை யாரும் கேட்டதில்லை. அவளுடைய தங்கை திருச்சுழியில் இருக்கிறார். எண் என்னிடம் இருக்கிறது.